பெருங்காயப் பானையில் முடிவிலி

விடுதிச் சமையல் என்பது, காலையில் தீர்த்துவைத்த பசி மத்தியானமே தட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்து நிற்கும் வேலை. அண்டாவைச் சாய்த்து இடுப்புப் பிடித்தவர்கள், கரண்டிக் காம்பு பட்டு உள்ளங்கை காய்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கரியாலூரைத் தாண்டி மலைமேல் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட விடுதியில் பத்தொன்பது வருஷம் சமைத்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு எனக்கு. என் பிள்ளைகள் மூன்று பேரும் கீழே தனித்தனிக் குடும்பமாகிவிட்டார்கள். முருகன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. சமையலைப் பற்றி எழுத வந்தவள் முடிவிலியைப் பற்றி ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். முடிவே இல்லாதது என்று ஒன்று உலகத்தில் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை கணக்கு நோட்டில் மட்டும்தானா என்று இரண்டு டீச்சர்கள் என் சமையற்கட்டுப் பலகையில் உட்கார்ந்துதான் சண்டை போட்டார்கள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கணக்கு டீச்சர் மல்லிகாவுக்குச் சின்னசேலம். பிசிக்ஸ் டீச்சர் தேன்மொழிக்குக் கள்ளக்குறிச்சி. இரண்டு பேரும் வாரம் முழுக்க மேலேயே ஒரே அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஒரே சீட்டில் இறங்குவார்கள். மதியச் சாப்பாடு என் பலகையில், பக்கத்துப் பக்கத்தில். கூட்டு பிடிக்காதவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துக்கொள்வார். அக்காள் தங்கைகூட அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நூலில் ஒட்டிய மஞ்சள்

ஒரு புதன்கிழமை முட்டை ஏற்றிவந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் குலுங்கியதில் இரண்டு அட்டை உடைந்துபோயிற்று. தலைக்கு ஒன்று என்பது கணக்கு. இருக்கிற முட்டையை அவித்துப் பாதிப்பாதியாகப் பகிரலாம் என்று முடிவு செய்தேன். கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு உதிரும். நூலை இழுத்துப் பிடித்து முட்டையில் வைத்து அழுத்தினால் சீராக இரண்டாகும். நானும் உதவிக்கு இருந்த ராசாத்தியும் வரிசையாக அறுத்துக்கொண்டிருந்தோம்.

கணக்கு டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே, பாதியைப் பாதியாக்கலாம், அதையும் பாதியாக்கலாம், இதற்கு முடிவே கிடையாது என்றார். பிசிக்ஸ் டீச்சர் சாதத்தைப் பிசைந்தபடியே, எண்பது தரம் அறுப்பதற்குள் முட்டையே முட்டையாக இருக்காது, அதற்குமேல் அறுக்க அங்கே ஒன்றும் கிடையாது என்றார். வெறும் எண்பதுதானா என்று எனக்கே ஆச்சரியம். ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். கணக்கு டீச்சர் அந்தக் காகிதத்தை வாங்கி, எண்பதுக்குக் கீழே எண்பத்தொன்று என்று எழுதி, பாருங்கள், என் நோட்டில் இன்னும் போகிறது என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ராசாத்தி மலைக்காரி, அவளுக்குப் பேச்சு எப்போதும் காரியத்தில்தான். கையிலிருந்த நூலைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்:

“அதெல்லாம் சரி டீச்சர், நூல்ல ஒட்டிக்கினு இருக்கிறத யாரு துன்றது?”

ஏழு தண்ணீர்

இது என் தப்பு, மறைக்கவில்லை. பெரிய அண்டா இரண்டுதான் எங்களுக்கு. ஒன்றில் சோறு. மற்றதில் சாம்பார். கொடியேற்றுகிற நாளன்று பாயசம் வைக்கச் சொல்லி உத்தரவு. சாம்பார் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து ஏழு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். முகர்ந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பால் கொதித்து ஆவி வந்ததும் பெருங்காயம் கும்மென்று எழுந்தது. நான் அடுப்புப் பிள்ளையாரைக் கும்பிட்டு ஏலக்காயை வழக்கத்தைவிட இரண்டு பங்கு தட்டிப் போட்டேன். ஏலக்காய் தோற்றுவிட்டது.

டீச்சர்கள் இரண்டு பேரும் வாயில் வைத்ததுமே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் பத்தில் ஒரு பங்கு தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் துளி மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும், பூஜ்ஜியமே வராது என்று கணக்கு டீச்சர். அது கணக்கில் வரும் பெருங்காயம், அண்டாவில் இருக்கிற பெருங்காயம் எண்ணிக்கைக்குள் அடங்கின துகள்கள், இருபத்தைந்து தண்ணீருக்குள் கடைசித் துகளும் போய்விடும் என்று பிசிக்ஸ் டீச்சர். இருபத்தைந்து தண்ணீருக்கு யார் இறைப்பது என்று ராசாத்தி முனகினாள். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. அப்போது ஆறாவது படிக்கும் ஒரு குட்டிப்பெண் டம்ளரை வழித்து நக்கியபடி உள்ளே வந்தாள். அவள் ஊரில் பாயசம் வைத்து அவள் பார்த்ததில்லை.

“ஆயா, பாயசம் தாளிச்சது நல்லா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

பாய் நகர்த்துவது

ஜூன் மாதத்தில் விடுதிக்காரர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் வரிசையாகப் படுப்பார்கள். இடம் நிறைந்துவிட்டது என்று வார்டன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தகப்பன் தகரப்பெட்டியோடு வாசலில் நிற்பார். நாங்கள் எல்லாப் பாயையும் ஒரு சாண் நகர்த்தச் சொல்வோம். இடம் வந்துவிடும். அடுத்த நாள் இன்னொரு பெட்டி.

கணக்கு டீச்சருக்கு இதில் ஒரே குஷி. முடிவே இல்லாத கூடம் ஒன்று, அதில் முடிவே இல்லாமல் பாய்கள், எல்லாவற்றிலும் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முதல் பிள்ளை இரண்டாம் பாய்க்கும், இரண்டாவது மூன்றாம் பாய்க்கும் என்று ஆளாளுக்கு ஒரு பாய் தள்ளிப் படுத்தால் முதல் பாய் காலி. நிறைந்த கூடத்தில் இடம். யாரும் வெளியே போக வேண்டாம். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, கோயில் பிரகாரம் மாதிரி ஒரு கூடம் கண்ணுக்குத் தெரிந்தது. பிசிக்ஸ் டீச்சர் அமைதியாக, அப்படி ஒரு கூடத்தை யார் கட்டியது, எனக்குக் காட்டுங்கள், நம் கூடத்தில் கடைசிப் பிள்ளைக்குப் பக்கத்தில் சுவர் இருக்கிறது என்றார். பெட்டியோடு நின்ற தகப்பன் இரண்டு டீச்சர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பெரிய படிப்பு என்று மட்டும் அவருக்குப் புரிந்திருக்கும். தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“எம் பொண்ணு ஓரத்துலயே படுத்துக்குவாங்க. அந்தச் செவுத்துல ஓதம் அடிக்குமா, அதமட்டும் சொல்லுங்க.”

இல்லாதது

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் சொல்வது அப்படி இல்லை.

பன்னிரண்டாவதில் செல்லக்கிளி என்று ஒரு பெண். மேலே ஒரு மலைக் கிராமத்துப் பிள்ளை, நர்ஸ் ஆக வேண்டும் என்று படித்தவள். கேட்ட கேள்விக்கு மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவாள், வஞ்சகம் தெரியாது. ஒருநாள் கணக்கு டீச்சர் கரும்பலகையில், எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்குமே, அந்த முடிவிலிக் குறியை எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறார். செல்லக்கிளி எழுந்து, பிசிக்ஸ் டீச்சர் அது உலகத்தில் எங்கேயும் கிடையாது, கரும்பலகையில் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னாரே என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. கணக்கு டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

நேரே சமையற்கட்டுக்குத்தான் வந்தார். பின்னாலேயே பிசிக்ஸ் டீச்சரும். சொன்னேன், சரியாகத்தான் சொன்னேன், வெளியே காட்ட முடியாத ஒன்றைப் பிள்ளைகளிடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்றார் அவர். உன் தராசில் நிற்காததெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமா என்று இவர். நீங்க, வாங்க போய் நீ, வா வந்துவிட்டது. அதற்குமேல் பேசினதை எழுத எனக்கு மனசில்லை. பிசிக்ஸ் டீச்சர் சாப்பிடாமல் போய்விட்டார். கணக்கு டீச்சர் நான் போட்ட சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றதே தவிர விழவில்லை.

“இருவது வருசமா இல்லாததையா அக்கா சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன்?”

இறங்குகிற பஸ்

மறுநாளிலிருந்து பிசிக்ஸ் டீச்சர் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட வந்தார், கணக்கு டீச்சர் ஒன்றேகாலுக்கு. நடுவில் அரை மணி நேரம் அந்தப் பலகை காலியாகக் கிடக்கும். எனக்கு அதைத் துடைக்கவே கை வராது. அறையிலும் பேச்சில்லை என்று வார்டன் சொன்னார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒருவர் டிரைவருக்குப் பின்னால், ஒருவர் கடைசி சீட்டில்.

பத்து நாள் கழித்து, பிசிக்ஸ் டீச்சர் இடமாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தது. கலந்தாய்வு கள்ளக்குறிச்சியில், அடுத்த மாதம் முதல் செவ்வாய். ஒருவர் போனால் என்ன, இன்னொருவர் வருவார் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கலாம். மலைப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி வருவதில்லை. முன்பு கெமிஸ்ட்ரி சார் போனபோது இரண்டு வருஷம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அந்த இரண்டு வருஷத்துப் பிள்ளைகள் தாங்களாகவே படித்து, தாங்களாகவே தோற்றார்கள். இப்போது பன்னிரண்டாவதில் பதினைந்து பெண்கள், பரீட்சைக்கு ஐந்து மாதம். தலைமையாசிரியை கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. நான் கேட்டுக்கு வெளியே வாழைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேனிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் முப்பது வருஷமாக அந்த கேட்டில் இருப்பவர்.

“புதுசா டீச்சருங்க ஏறி வர்ற பஸ்ஸ நான் பாத்ததே கம்மிம்மா. பொட்டியோட எறங்கிப் போற பஸ்ஸுதான் ஜாஸ்தி.”

மிளகாய்க் காம்பு

மோருக்கு நாங்கள் தயிர் தோய்ப்பது வழக்கம். இன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துவைத்தால் நாளைய பாலுக்கு உறை. ஒரு திங்கட்கிழமை பார்த்தால் கிண்ணத்தில் உறை இல்லை. சனிக்கிழமை மீந்ததைப் பிள்ளைகள் வழித்துக் குடித்துவிட்டார்கள். பக்கத்தில் கேட்கக் கடை கிடையாது. வெதுவெதுப்பான பாலில் காம்போடு நாலு காய்ந்த மிளகாயைப் போட்டு மூடிவைத்தேன். மறுநாள் இளந்தயிராகப் பிடித்திருந்தது. அதை உறையாக்கி அடுத்த நாள் நல்ல தயிர்.

பன்னிரண்டரைக்கு வந்த பிசிக்ஸ் டீச்சர் விஷயத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார், எத்தனையோ நாளைக்குப் பிறகு. தயிருக்கு முந்தின தயிர், அதற்கு முந்தின தயிர் என்று பின்னாலேயே போனால் முடிவே இல்லை என்று நினைப்பார்கள், பாருங்கள், ஒரு மிளகாய்க் காம்பில் தொடங்கிவிட்டது என்று அவங்களிடம் சொல்லுங்கள் என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. ஒன்றேகாலுக்கு வந்த கணக்கு டீச்சரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, தொடக்கம் இருக்கட்டும், இதுதான் கடைசித் தயிர் என்று ஒரு நாளைக் காட்டச் சொல்லுங்கள், எந்த நாளைச் சொன்னாலும் அதற்கு மறுநாள் உண்டே என்றார். மறுநாள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ‘மறுநாள் உண்டு’ என்பது வேறு, எல்லா நாளும் ஒரே குவியலாக எங்கேயோ கிடக்கிறது என்பது வேறு, முதலாவதை ஒத்துக்கொள்கிறேன், இரண்டாவதைக் காட்டட்டும் என்று பதில் வந்தது. மூன்று நாள் இப்படி நான் தபால்காரி. எனக்குப் பாதி புரியும், பாதியைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று அடுப்படியில் முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொள்வேன். நாலாம் நாள் ராசாத்தி சட்டியை என் முன்னால் நக்கென்று வைத்தாள்.

“யக்கா, நீ சேதி சொல்லிக்கினே இரு, தயிரு இங்க புளிச்சிக்கினு போவுது.”

அடியும் முடியும்

தினம் அடுப்பு மூட்டும்போது ஒரு சூடம் ஏற்றி இரண்டு பேருக்காகவும் வேண்டிக்கொண்டேன். சாமியிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பலகையில் மறுபடி இரண்டு தட்டு ஒரே நேரத்தில் வேண்டும், அந்தப் பதினைந்து பெண்களுக்கு டீச்சர் வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் மனசு தாங்காமல் பிசிக்ஸ் டீச்சருக்குச் சோறு போட்டபடி திருவண்ணாமலைக் கதையைச் சொன்னேன். நெருப்புத் தூணாக நின்ற சாமிக்கு அடி தேடி ஒருவர் மண்ணைத் தோண்டிப் போனார், முடி தேடி ஒருவர் பறந்து போனார். காணவில்லை என்று உள்ளதைச் சொன்னவருக்குக் கோயில் கிடைத்தது, பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னவருக்குக் கிடைக்கவில்லை. சாமிக்கு எல்லை இல்லை, கணக்கு டீச்சர் சொல்வதும் அப்படி ஏதோ ஒன்றுதான் என்று சொல்வதுதான் என் எண்ணம். பிசிக்ஸ் டீச்சர் பிசைந்த கையை நிறுத்திவிட்டார். அவரும் கிருத்திகைக்கு விரதம் இருப்பவர்தான். காணாதவர் காணவில்லை என்றுதான் சொன்னாரா, இல்லவே இல்லை என்று சொன்னாரா என்று கேட்டார். காணவில்லை என்றுதான் என்றேன். சோற்றில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நான் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிவிட்டேனோ என்று பயந்து குழம்புக் கரண்டியை எடுத்தேன்.

“கொழம்பு ஊத்துங்க அக்கா. கதைதான் இன்னிக்கு ஜாஸ்தியாயிடுச்சு.”

செல்லக்கிளியின் வீடு

கலந்தாய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலையில், செல்லக்கிளியின் பாய் சுருட்டி வைத்திருந்தது. பெட்டியைக் காணோம். சக பிள்ளைகள் மெல்ல மெல்லச் சொன்னார்கள். அவள் வாயால்தான் இரண்டு டீச்சரும் பிரிந்தார்கள், அவளால்தான் பிசிக்ஸ் டீச்சர் போகிறார், இனி படித்து ஆவதில்லை என்று சொல்லி அழுதாளாம். அப்பா அம்மாவோடு மிளகு பறிக்கக் கேரளா போகப்போகிறாளாம். திங்கட்கிழமை மேஸ்திரி வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர்கள் இரண்டு பேரும் ஊருக்கு இறங்கவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கணக்கு டீச்சர் என்னிடம் வந்து, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வழி தெரியுமா என்று கேட்டார். ராசாத்திக்குத் தெரியும் என்றேன். அதற்குள் பிசிக்ஸ் டீச்சரும் செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிட்டார், அவரும் அதையே கேட்க. நாலு பேரும் கிளம்பினோம். பஸ் போகாத ஊர். ஒற்றையடிப் பாதை, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகிறது. முதல் ஒரு மணி நேரம் ஒரு டீச்சர் ராசாத்திக்குப் பின்னால் நடந்தார், ஒருவர் எனக்குப் பின்னால். செங்குத்தான ஓர் இடத்தில் பிசிக்ஸ் டீச்சருக்கு மூச்சு முட்டி, ஒரு பாறையில் உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தார். மேலே மேகம் கலைந்து வானம் நீலமாகத் திறந்து கிடந்தது. கணக்கு டீச்சர் அண்ணாந்து பார்த்தபடி, யாரையும் பார்த்துக் கேட்காத மாதிரி, அதுக்காவது முடிவு இருக்கிறதா என்று கேட்டார். பிசிக்ஸ் டீச்சர், வெளிச்சம் நம்மிடம் வந்து சேர்ந்த தூரம் வரைக்கும்தான் பார்த்திருக்கிறார்கள், அதற்கு அப்பால் யாருக்கும் தெரியாது என்றார். உனக்கு? எனக்கும் தெரியாது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபடி, உனக்குத் தெரியுமா என்று பிசிக்ஸ் டீச்சர் கேட்டார். நோட்டுக்குள் இருப்பதுதான் எனக்குத் தெரியும், நோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது என்றார் கணக்கு டீச்சர்.  இலையில் கட்டிக் கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்து நடுவில் வைத்தேன்.

செல்லக்கிளி வாசலில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்தார். வூடு தேடி டீச்சருங்க வந்து நிக்கிறாங்க, நீ இன்னாடி ஒளியற என்று அதட்டினார். பிசிக்ஸ் டீச்சர் வாசலிலேயே நின்று சொன்னார். எங்கேயும் கிடையாது என்று நான் சொன்னது தப்பு, இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை என்று மட்டும்தான் சொல்லியிருக்க வேண்டும், நீ கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கணக்கு டீச்சரும், அன்றைக்கு நான் வகுப்பை விட்டு வந்ததுதான் தப்பு, எனக்குத் தெரியாத இடத்தைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்றார். அந்தப் பெண் இரண்டு பேரையும் பார்த்தாள். மூக்கைத் துடைத்தாள். பயம் எல்லாம் போய், பரீட்சைக்காரப் பிள்ளையின் முகம் வந்துவிட்டது.

“அப்போ பரீட்சையில இன்னா எழுதறது டீச்சர்?”

செவ்வாய்க்கிழமை

திங்கட்கிழமை வந்த மேஸ்திரி வண்டியில் அவள் அப்பா அம்மா போனார்கள். அவள் தகரப்பெட்டியோடு விடுதிக்கு வந்துவிட்டாள். ஆனால் கலந்தாய்வுப் பட்டியலில் பிசிக்ஸ் டீச்சரின் பெயர் இருந்தது, போய்த்தான் ஆக வேண்டும். போவார், வருவார் என்று யாரிடமும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலை ஏறி மன்னிப்புக் கேட்பது ஒன்று, வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடைத்தால் வேண்டாம் என்பது வேறு. அவருக்கு வயசான மாமியார் இருக்கிறார். குற்றம் சொல்ல முடியாது. செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் இறங்கினார். அன்றைக்கு என் சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. பிள்ளைகள் ஒருத்தியும் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் நாக்கில் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது.

நாலு மணி பஸ் ஐந்தேகாலுக்கு வந்தது, மழை. கணக்கு டீச்சர் நாலு மணிக்கு முன்பிருந்தே பஸ் நிற்கும் இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் திருத்த வேண்டிய நோட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். மழையில் நின்று நோட்டுத் திருத்துகிறவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிசிக்ஸ் டீச்சர் இறங்கினார், அந்தக் குடைக்குள்ளேயே வந்தார். இரண்டு பேரும் நேராகச் சமையற்கட்டுக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கணக்கு டீச்சர்தான் என்ன ஆயிற்று என்று கேட்டார். பிசிக்ஸ் டீச்சர் டீயை ஆற்றியபடி சொன்னார்:

“வூட்டுலேந்து நடந்து போற தூரத்துல ஒரு ஸ்கூல காட்டுனாங்க. அங்க கணக்கு டீச்சர் யாருன்னு விசாரிச்சேன். ரொம்ப அமைதியானவங்க, யார்கிட்டயும் ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டாங்கன்னாங்க. வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.”

முடிவிலி இருக்கிறதோ இல்லையோ அது சாமிக்கு வெளிச்சம், ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்ற ஒரு வார்த்தையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இவ்வளவு படித்த இரண்டு பேருக்கு ஒரு முழு மலை ஏற வேண்டியிருந்தது என்பதை மட்டும் கூடவே ஏறி முழங்கால் வீங்கினவள் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வேன்.